போன் அடிக்கும் முன்பே ஸ்பீக்கருக்கு எப்படித் தெரிகிறது? கிடார் முதல் காது கேட்கும் கருவி வரை வரும் 'டிக்-டிகி-டிர்ர்' சத்தத்தின் பின்னணி

மாட்டுங்காவில் கச்சேரி, செம்பூரில் பஜனை, தாராவி 90 அடி சாலையில் பொங்கல் விழா மெல்லிசை, காட்கோபரில் ஒரே ஒரு அறைக்குள் நான்கு பேர் சேர்ந்து பிராக்டிஸ். மும்பைத் தமிழர்கள் மைக் பிடிக்கும் இடம் எதுவானாலும், அழைக்காமலே வந்து சேரும் ஒரு சத்தம் உண்டு. 'டிக்-டிகி-டிக்... டிர்ர்ர்.' அடுத்த சில விநாடிகளில் யாரோ ஒருவருடைய சட்டைப் பையில் போன் அடிக்கும்.

உடனே விசாரணை ஆரம்பமாகும். "கேபிள் போச்சு" என்பார் ஒருவர். "ஆம்ப் லோக்கல் மேக், அதான்" என்பார் இன்னொருவர். "மாடியில டவர் வெச்சதுல இருந்தே இப்படித்தான்" என்று மூன்றாவது குரல் வரும். கடைசியில் திட்டு வாங்குவது சவுண்ட் ஆபரேட்டர்தான். பல நேரங்களில் புது கேபிள், புது மிக்ஸர் என்று காசும் செலவாகும், சத்தம் மட்டும் போகாது.

மேடையில் இது எரிச்சல், அவ்வளவுதான். காது கேட்கும் கருவி அணிந்தவருக்கு அப்படி இல்லை. எதிர்முனையில் பேசுபவரின் வார்த்தைகளையே இந்தச் சத்தம் விழுங்கிவிடலாம். இது எப்படி உருவாகிறது, சில போன்கள் மட்டும் ஏன் இதைச் செய்கின்றன, செலவில்லாமல் எப்படித் தவிர்ப்பது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

இந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது?

இதன் பிறப்பிடம் 2ஜி. அதாவது ஜிஎஸ்எம் தொழில்நுட்பம். இந்தியாவில் முதல் மொபைல் அழைப்பு 1995 ஜூலை 31 அன்று நடந்தது. கொல்கத்தாவில் இருந்து அப்போதைய மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு, டெல்லியில் இருந்த மத்திய தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். மும்பையில் பிபிஎல் மொபைல், மேக்ஸ் டச் என்ற பெயர்களில் சேவை வந்தது. எல்லாமே ஜிஎஸ்எம்தான்.

ஜிஎஸ்எம்மில் ஒரே அலைவரிசையை எட்டு போன்கள் வரை பகிர்ந்துகொள்ளும். எப்படி? முறை வைத்துத்தான். 4.615 மில்லிவிநாடி கொண்ட ஒரு சுற்று எட்டுத் துண்டுகளாகப் பிரிக்கப்படும். உங்கள் போனுக்கு ஒரு துண்டு, அதாவது 0.577 மில்லிவிநாடி. அந்த நேரத்துக்குள் மொத்த ஆற்றலையும் கொட்டிவிட்டு, அடுத்த முறை வரும்வரை அமைதியாக இருக்க வேண்டும்.

ஆக, போனின் ரேடியோ விநாடிக்குச் சுமார் 217 முறை ஆன் ஆகி ஆஃப் ஆகிறது. 217 ஹெர்ட்ஸ் என்பது மனிதக் காதுக்கு நன்றாகக் கேட்கும் சுருதி. மேற்கத்திய இசையில் 220 ஹெர்ட்ஸ் என்பது 'ஏ' ஸ்வரம். அதற்குக் கொஞ்சம் கீழே, சுருதி சேராமல் நிற்கும் சத்தம் இது. அதனால்தான் பாட்டுக்கு நடுவில் அவ்வளவு உறுத்துகிறது.

அழைப்பு வரும்போது டவரும் போனும் முதலில் தமக்குள் பேசிக்கொள்ளும். 'நான் இங்கே இருக்கிறேன்', 'உனக்கு அழைப்பு இருக்கிறது' என்ற ரீதியில் சின்னச் சின்னத் தகவல்கள் போகும். முதலில் கேட்கும் 'டிக்-டிகி-டிக்' அதுதான். இந்தப் பேச்சு முடிந்த பிறகுதான் மணி அடிக்கும். ஸ்பீக்கர் ஜோசியம் எதுவும் பார்ப்பதில்லை, முன்கூட்டியே நடக்கும் உரையாடலை ஒட்டுக்கேட்கிறது.

ஆம்ப் எப்போது ரேடியோ ஆனது?

இங்கே ஒரு கேள்வி வரும். போன் வெளியிடுவது 900 அல்லது 1800 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலை. மனிதக் காதுக்கோ அதிகபட்சம் 20,000 ஹெர்ட்ஸ்தான் கேட்கும். அப்படியென்றால் அந்த அலை எப்படிச் சத்தமாக மாறியது?

அதற்கு இரண்டு பொருட்கள் போதும்: ஒரு ஆண்டெனா, ஒரு குறைக்கடத்தி. 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 33 சென்டிமீட்டர். அதில் கால் பங்கு, ஏறக்குறைய 8 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு வயரே நல்ல ஆண்டெனா ஆகிவிடும். கிடார் கேபிள், ஹெட்போன் வயர், மிக்ஸருக்குள் ஓடும் சின்ன வயர் என ஆடியோ உலகத்தில் அதற்குப் பஞ்சமே இல்லை.

அடுத்து குறைக்கடத்தி. ஜகதீஷ் சந்திர போஸ், கலீனா என்ற ஈயத் தாதுப் படிகத்தைக் கொண்டு மின்காந்த அலையை உணரும் கருவிக்கு 1904-ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். குறைக்கடத்திச் சந்திப்பு ஒன்று ரேடியோ அலையின் ஏற்ற இறக்கத்தை மட்டும் பிரித்துக் கொடுக்கும் என்பதுதான் அந்த வகைக் கருவிகளின் அடிப்படை. பழைய கிரிஸ்டல் ரேடியோக்கள் வேலை செய்ததும் இப்படித்தான்.

இன்றைய ஆம்ப், மிக்ஸர், கீபோர்டு எல்லாவற்றின் உள்ளேயும் டிரான்சிஸ்டர், ஐசி வடிவில் இதே குறைக்கடத்திச் சந்திப்புகள் நிறைந்திருக்கின்றன. வலுவான ரேடியோ அலை உள்ளே நுழைந்தால் அவை யாரும் கேட்காமலே டிடெக்டராக வேலை செய்யத் தொடங்கும். 900 மெகாஹெர்ட்ஸ் வெளியே போய்விடும், 217 ஹெர்ட்ஸ் மட்டும் தங்கிவிடும். அதை ஆம்ப் தன் கடமைப்படி பெரிதாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும். போன் சத்தம் போடவில்லை. கேட்கக் கூடாத ஒன்றை ஆம்ப் கேட்டுவிட்டது.

எல்லா போன்களும் ஏன் இப்படிச் செய்வதில்லை?

'என் போனுக்கு வரல, அப்பாவோட கீபேட் போனுக்குத்தான் வருது' என்று பலர் கவனித்திருப்பார்கள். அது சரியான கவனிப்பு.

2ஜி போன் 900 மெகாஹெர்ட்ஸில் உச்சகட்டமாக 2 வாட் வரை வெளியிடும். 4ஜி போனின் வழக்கமான உச்சவரம்பு 0.2 வாட். பத்தில் ஒரு பங்கு. ஆனால் வித்தியாசம் அதோடு முடியவில்லை. எட்டில் ஒரு பங்கு நேரம் மட்டுமே ஒலிபரப்புவதால் 2ஜி போனின் சராசரி 0.25 வாட்தான். சராசரியைப் பார்த்தால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.

விஷயம் சராசரியில் இல்லை, விட்டு விட்டு வருவதில் இருக்கிறது. ஒரே அளவில் தொடர்ந்து வரும் அலை ஆம்புக்குள் நுழைந்தால், அது மாறாத ஒரு மின்னழுத்தமாக மாறும். ஆம்பில் உள்ள கெப்பாசிட்டர்கள் அதைத் தடுத்துவிடும், உங்களுக்கு எதுவும் கேட்காது. மாறிக்கொண்டே இருப்பது மட்டும்தான் சத்தமாகும். 3ஜி போன்கள் பேசும்போது தொடர்ச்சியாக அலை அனுப்பின, அதனால் பெரும்பாலும் அமைதி. 4ஜி, 5ஜி போன்களின் அலையிலும் இடைவெளிகள் உண்டு. ஆற்றல் குறைவு என்பதால் மிக அருகில் வைத்தால் மட்டும் மெல்லிய 'சர்ர்' கேட்கலாம்.

2016 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய ஜியோவுக்கு 2ஜி நெட்வொர்க்கே கிடையாது. எனவே ஜியோ சிம்மில் அந்தப் பழைய 'டிக்-டிகி-டிக்' வர வழியில்லை. ஏர்டெல், வோடஃபோன் ஐடியா இரண்டும் 2ஜியை இன்னும் வைத்திருக்கின்றன. உங்களிடம் இருப்பது 5ஜி போனே ஆனாலும், வோல்ட்இ வசதி ஆஃப் ஆகியிருந்தால் அழைப்பு வந்ததும் அது 2ஜிக்கு இறங்கலாம். உடனே ஸ்பீக்கர் பேச ஆரம்பித்துவிடும்.

2ஜி என்றால் கீபேட் போன் மட்டும்தான் என்றும் நினைக்க வேண்டாம். டீக்கடைகளில் இருக்கும் பழைய கார்டு மெஷின்களிலும் 2ஜி சிம் உண்டு. கடை ரேடியோ திடீரென்று கரகரத்தால் பக்கத்தில் ஒரு கார்டு மெஷின் இருக்கிறதா என்று பாருங்கள்.

மொட்டை மாடி டவர்தான் காரணமா?

பெரும்பாலும் இல்லை. ஒரு எளிய கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

2 வாட் உச்சத்தில் இயங்கும் போனை ஆம்பில் இருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி வைத்தால், அந்த இடத்தில் அலையின் உச்ச அடர்த்தி தோராயமாகச் சதுர மீட்டருக்கு 16 வாட். இந்தியாவில் 2012 செப்டம்பர் 1 முதல் அமலான விதிப்படி, 900 மெகாஹெர்ட்ஸில் மக்கள் நடமாடும் இடத்தில் டவர் அலை சதுர மீட்டருக்கு 0.45 வாட்டைத் தாண்டக் கூடாது. விதிக்கு உட்பட்ட டவரோடு ஒப்பிட்டால், ஆம்ப் மேல் வைத்த போன் அந்த நொடித்துளியில் 35 மடங்கு வலுவானது. போதாததற்கு, ஒவ்வொரு 2ஜி டவர் பிரிவின் முதன்மை அலையும் இடைவெளி இல்லாமல் ஒரே அளவில் ஒலிபரப்பாகும். மேலே சொன்னபடி, தொடர்ந்து வரும் அலை சத்தம் போடாது.

சொல்லப்போனால் டவர் தூரத்தில் இருப்பதுதான் இங்கே பிரச்சினை. சிக்னல் நன்றாக இருந்தால் போன் தன் ஆற்றலைக் குறைத்துக்கொள்ளும். சிக்னல் பலவீனமானால் முழு வாட்டில் கத்தும். காட்கோபர் அசல்பா மேட்டில் நெருக்கியடித்து நிற்கும் தகரக் கூரை வீடு, பழைய கட்டடத்தின் தரைத்தள பிராக்டிஸ் அறை, சவுண்ட் வெளியே போகாமல் நாலு பக்கமும் அடைத்த ஹோம் ஸ்டுடியோ எல்லாமே அலையைத் தடுக்கும் இடங்கள். உள்ளே இருக்கும் போன் சத்தமாகக் கத்த வேண்டியிருக்கும்.

ரயிலிலும் இதைக் கவனிக்கலாம். காட்கோபரில் ஏறி வித்யாவிஹார், குர்லா, சயன் வழியாக மாட்டுங்கா போவதற்குள், அழைப்பே வராதபோதும் சாதாரண வயர் ஹெட்போனில் ஓரிரு முறை 'டிக்-டிகி' கேட்கலாம். போன் ஒரு டவர் வட்டாரத்தில் இருந்து இன்னொன்றுக்கு மாறும்போது, தன் புது முகவரியை நெட்வொர்க்குக்குச் சொல்லும் சத்தம் அது.

எந்தக் கருவிகள் அதிகம் மாட்டும்?

சிக்னல் எவ்வளவு சிறியதோ, ஆம்ப் அதை எவ்வளவு பெரிதாக்குகிறதோ, அந்த அளவுக்கு ஆபத்து அதிகம். எலக்ட்ரிக் கிடார், யு. ஸ்ரீநிவாஸ் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்த எலக்ட்ரிக் மாண்டலின், வீணையிலும் வயலினிலும் ஒட்டும் காண்டாக்ட் மைக் ஆகியவை முதல் வரிசை. இரட்டைச் சுருள் கொண்ட ஹம்பக்கர் பிக்கப் போட்டால் சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. கரண்ட் லைனில் இருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் 'ஹம்' சத்தத்தைக் குறைக்கத்தான் அது உருவானது. கேபிள் வழியாக நுழைந்து ஆம்புக்குள் மாறும் போன் அலையை அதனால் தடுக்க முடியாது.

இப்போது புதிதாகச் சேர்ந்திருப்பது தம்புரா ஆப். போனையே சுருதிப் பெட்டியாக்கி, ஆக்ஸ் கேபிள் வழியாக மிக்ஸரில் செருகுகிறோம். எதிரியை நேராகக் கேபிள் முனையில் உட்கார வைப்பது போலத்தான் இது.

உங்கள் சத்தம் எது என்று முதலில் அடையாளம் காண்பது முக்கியம். விடாமல் 'ம்ம்ம்' என்று வந்தால் அது கரண்ட் அல்லது எர்த் பிரச்சினை. லைட் டிம்மரைத் திருகும்போது மாறினால் அது லைட்டிங் லைன். தாளம் போட்டது போல விட்டு விட்டு வந்து, போனைத் தள்ளி வைத்ததும் போய்விட்டால் மட்டுமே அது போன்.

காதுக்குள் இதே சத்தம் வந்தால்?

காது கேட்கும் கருவியும் ஒரு மைக், ஒரு ஆம்ப், ஒரு ஸ்பீக்கர்தான். வித்தியாசம் என்னவென்றால், பேசும்போது போன் அதிலிருந்து சில சென்டிமீட்டர் தூரத்தில்தான் இருக்கும். டெலிகாயில் வசதியில் வைத்திருந்தால், போனின் பேட்டரி மின்னோட்டம் உருவாக்கும் காந்தப் புலத்தையும் அது பிடித்துக்கொள்ளும்.

அமெரிக்காவில் டிஜிட்டல் மொபைல்களுக்கு இருந்த விலக்கை 2003-ல் நீக்கி, குறிப்பிட்ட அளவு மாடல்கள் காது கேட்கும் கருவியோடு ஒத்துப்போக வேண்டும் என்று எஃப்சிசி உத்தரவிட்டது. 2024 அக்டோபரில், விற்பனையாகும் எல்லா மாடல்களும் அப்படி இருக்க வேண்டும் என்ற விதியை ஏற்றது. போன் பெட்டிகளில் எம்3, டி3, எம்4, டி4 என்று இருக்கும் குறிகள் இதற்காகத்தான். எம் என்பது மைக் முறை, டி என்பது டெலிகாயில் முறை. எண் கூடினால் சத்தம் குறையும்.

நம் வீடுகளில் நடப்பது என்ன? 'பெரியவங்களுக்கு இது போதும்' என்று தாத்தா பாட்டிக்குக் கீபேட் போன் வாங்கிக் கொடுக்கிறோம். காது கேட்கும் கருவிக்கு அதிகத் தொல்லை தரும் 2ஜி போன் கடைசியில் அவர்கள் கையில்தான் போய்ச் சேருகிறது. 'போன்ல பேசினா இரையுது' என்று அவர்கள் சொல்லும்போது, கருவி கெட்டுவிட்டதாகவோ காது இன்னும் மோசமாகிவிட்டதாகவோ நினைத்துவிடுகிறோம். இப்போது கீபேட் வடிவிலேயே 4ஜி வோல்ட்இ போன்கள் கிடைக்கின்றன. கருவியை மாற்றுவதற்கு முன் போனை மாற்றிப் பார்ப்பது நல்லது. பாந்த்ராவில் 1983 முதல் இயங்கும் அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம் போன்ற மையங்களில் கருவியைப் பரிசோதிக்கப் போகும்போது, அவர்கள் வழக்கமாகப் பேசும் போனையும் கையோடு கொண்டுபோங்கள்.

விலக வேண்டியது போனா, கருவியா?

ஐரோப்பிய ஒன்றியத்தில் 1996 ஜனவரி 1 முதல் மின்னணு சாதனங்களுக்கு இரண்டு நிபந்தனைகள் கட்டாயம். மற்றவற்றைத் தொந்தரவு செய்யக் கூடாது. மற்றவை தரும் நியாயமான தொந்தரவைத் தாங்கவும் வேண்டும். அமெரிக்காவில் முதல் நிபந்தனைக்குத்தான் அழுத்தம். வரும் குறுக்கீட்டை இந்தச் சாதனம் ஏற்றுக்கொண்டே ஆக வேண்டும் என்று பல பொருட்களின் பின்புறம் அச்சிட்டிருப்பார்கள்.

இந்தியாவில் 2012-ல் வந்த கட்டாயப் பதிவு ஆணை, ஆடியோ சாதனங்களுக்கு ஐஎஸ் 616 தரநிலையைக் கேட்டது. அது ஷாக், தீ போன்ற ஆபத்துகள் பற்றியது. பக்கத்தில் போன் அடித்தால் ஆம்ப் அமைதியாக இருக்குமா என்பதை அது சோதிப்பதில்லை. ஆகவே மலிவு விலை மிக்ஸரில் அந்தத் தடுப்பு இருக்கிறதா என்பது வாங்குபவரின் அதிர்ஷ்டம்.

தடுப்பு ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. உலோகப் பெட்டி, உள்நுழைவில் சில பைசா பெறும் சின்னக் கெப்பாசிட்டர், கேபிள் ஷீல்டைச் சரியான இடத்தில் இணைப்பது. கேபிள் ஷீல்டைச் சர்க்யூட்டுக்குள் கொண்டுபோகாமல் வெளிப்பெட்டியில் இணைக்க வேண்டும் என்று ஒலிப் பொறியாளர் நீல் மன்சி 1995-லேயே எழுதினார். 2005-ல் ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டி அதை ஒரு தரநிலையாகவும் வெளியிட்டது.

செலவில்லாமல் என்ன செய்யலாம்?

முதலில் தூரம். தோராயமாக, தூரம் இரண்டு மடங்கானால் இந்தச் சத்தம் நான்கில் ஒரு பங்காகும். 10 சென்டிமீட்டரில் இருக்கும் போனை 80 சென்டிமீட்டருக்கு நகர்த்தினால் 64-ல் ஒரு பங்கு. பல நேரங்களில் இதுவே போதும். ஆம்ப், மிக்ஸர், பெடல், மைக் ஸ்டாண்ட் பக்கத்தில் போன் வைக்காதீர்கள்.

இரண்டாவது, மேடையில் இருக்கும் போன் ஏர்பிளேன் மோடில் இருக்கட்டும். தம்புரா ஆப் ஓடும் போனுக்கு இது கட்டாயம். சைலண்ட் மோடில் வைத்தால் மணிதான் நிற்கும், ரேடியோ நிற்காது.

மூன்றாவது, செட்டிங்ஸில் வோல்ட்இ ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். 2ஜியை அணைக்கும் வசதி சில ஆண்ட்ராய்டு போன்களில் உண்டு.

நான்காவது, நீளமான சாதாரணக் கிடார் கேபிளுக்குப் பதில், கருவி அருகிலேயே ஒரு டிஐ பாக்ஸ் வைத்து, அங்கிருந்து எக்ஸ்எல்ஆர் கேபிளில் கொண்டுபோங்கள். கிடார் உட்புறத்தில் செப்புத் தகடு ஒட்டுவதும் உதவும். கேபிளில் மாட்டும் ஃபெரைட் வளையம் வாங்கினால் 900 மெகாஹெர்ட்ஸுக்குப் பொருந்துமா என்று கேட்டு வாங்குங்கள். எல்லா வளையமும் அந்த உயரத்தில் வேலை செய்யாது.

2ஜி போய்விட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

பாதி சரியாகும். 2020 ஜூலையில், இந்தியாவில் மொபைல் சேவை தொடங்கி 25 ஆண்டு ஆனதையொட்டிப் பேசிய முகேஷ் அம்பானி, 30 கோடி பேர் இன்னும் 2ஜியில் இருப்பதாகச் சொன்னார். அந்த எண்ணிக்கை குறையக் குறைய 'டிக்-டிகி-டிக்'கும் குறையும்.

ஆனால் வேறு ஒரு மோதல் வந்துவிட்டது. 2022 ஏலத்தில் 22 வட்டாரங்களிலும் 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை ஜியோ வாங்கியது. இந்தப் பட்டையில் போன்களுக்கு 703 முதல் 748 வரையும், டவர்களுக்கு 758 முதல் 803 வரையும் ஒதுக்கப்பட்டிருக்கிறது. பல சபாக்களிலும் விழாக் குழுக்களிலும் இருக்கும் பழைய வயர்லெஸ் மைக்குகளில் சில இதே இடத்தில் இயங்குபவை. இங்கே ஆம்ப் தவறாகக் கேட்கவில்லை, ஒரே பாதையில் இரண்டு வண்டிகள் எதிரெதிரே வருகின்றன. அமெரிக்காவில் 2010 ஜூன் 12-க்குப் பிறகு 700 மெகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் மைக்குகளுக்கே தடை விதித்துவிட்டார்கள்.

எனவே செகண்ட் ஹேண்ட் வயர்லெஸ் மைக் வாங்கப் போகிறீர்கள் என்றால், விலையைக் கேட்கும் முன் ரிசீவரின் பின்னால் ஒட்டியிருக்கும் அலைவரிசை எண்ணைப் படியுங்கள். 703-க்கும் 803-க்கும் நடுவில் இருந்தால் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். வயர் மைக்கோ கிடாரோ என்றால், கடைக்குப் போகும்போது உங்கள் வீட்டுக் கீபேட் போனை எடுத்துப் போய், ஆம்ப் மேல் வைத்து ஒரு கால் போட்டுப் பாருங்கள். தரச்சான்று சொல்லாததை அந்த முப்பது விநாடி சொல்லிவிடும்.